25 சென்டில் பிறந்த பத்திரிகை

அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர் ராபர்ட் அபாட். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள்.

அபாட் அச்சுத்தொழில் கற்றார். சட்டமும் படித்தார். ஆனால் நிறவெறி குறுக்கே நின்றது. வக்கீல் தொழில் கைகூடவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1905-ல் சிகாகோ நகரில் 'சிகாகோ டிபெண்டர்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். போட்ட முதல் 25 சென்ட்! அச்சிட்டது 300 பிரதிகள். குடியிருந்த வீடுதான் ஆபீஸ்!

தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல்கள் அடித்துக் கொன்றன. அபாட் அதைத் துணிந்து வெளியிட்டார். அங்கே பத்திரிகைக்கு எதிர்ப்பு கிளம்பியது. பிடிபட்டால் ஆபத்து! ஆனாலும் ரெயில் பணியாளர்கள் மறைத்து எடுத்துச் சென்றார்கள். எழுத்து தெரிந்தவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்டார்கள்.

வடக்கே வேலை இருக்கிறது, புறப்பட்டு வாருங்கள் என்று பத்திரிகை அழைத்தது. ஆயிரம் ஆயிரமாக மக்கள் ரெயில் ஏறினார்கள்.

1940-ல் அபாட் காலமானார். அவர் தொடங்கிய பத்திரிகை 2019 வரை அச்சில் வந்தது.