தன்னையே கூண்டில் ஏற்றிய நாவலாசிரியர்

புகழ்பெற்ற நாவலாசிரியர் ஒருவரின் புதிய நூல் வெளிவந்ததும் வாசகர்கள் அதை அவருடைய பழைய நூல்களின் அருகில் வைத்து அளப்பது வழக்கம். முந்தைய நூலின் உயரமே பிந்தைய நூலுக்குச் சுமையாகிவிடுகிறது. ரஷிய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் 1899-இல் 'புத்துயிர்ப்பு' நாவலை வெளியிட்டபோதும் இதுவே நேர்ந்தது. டி.எஸ். சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்' எனத் தமிழாக்கிய மாபெரும் நாவலையும், 'அன்னா கரேனினா'வையும் படைத்த கை முதுமையில் தளர்ந்துவிட்டதா என்னும் ஐயம் அன்று எழுந்தது, இன்றும் எழுகிறது. அதற்கான விடை அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது.

1828-இல் துலா மாகாணத்தில் உள்ள யாஸ்னயா பல்யானா பண்ணையில் பிரபுக் குடும்பத்தில் டால்ஸ்டாய் பிறந்தார். இரண்டு வயது நிறைவதற்குள் தாயையும், ஒன்பது வயது நிறைவதற்குள் தந்தையையும் இழந்தார். கசான் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் கைவிட்டார். சூதாட்டத்திலும் கேளிக்கையிலும் பொழுதைக் கழித்தபின், 1851-இல் அண்ணனுடன் காக்கசஸ் மலைப்பகுதிக்குச் சென்று படையில் சேர்ந்தார். அங்கிருந்து எழுதி அனுப்பிய 'குழந்தைப் பருவம்' 1852-இல் அச்சேறியது. செவஸ்தபோல் முற்றுகையின்போது நேரில் கண்ட போர்க்கள மரணங்கள் அவருடைய எழுத்துக்கு உரமாயின.

1862-இல் சோஃபியாவை மணந்தபின் அமைந்த இல்லற வாழ்வில்தான் இரு பெருநாவல்களும் பிறந்தன. கணவரின் திருத்தங்கள் மண்டிய கையெழுத்துப் படிகளை மீண்டும் மீண்டும் படியெடுத்துக் கொடுத்தவர் சோஃபியாவே. 1869-இல் நிறைவுற்ற முதல் நாவலில் பேரரசர்களும் படைவீரர்களும் ஒரே கண்ணால் பார்க்கப்பட்டனர். 1877-இல் நிறைவுற்ற 'அன்னா கரேனினா'வில், கணவனைப் பிரிந்த பெண்ணின் மீது தீர்ப்பு எழுதும் உரிமை எவருக்கு உண்டு என்னும் கேள்வி வாசகரிடமே விடப்பட்டது. கதாபாத்திரங்களின் உள்ளத்தில் புகுந்து பார்ப்பதும், உரக்கத் தீர்ப்புச் சொல்லாதிருப்பதும் அந்த நாவல்களின் பேராற்றல்.

ஆனால், அந்த வெற்றியின் உச்சியில்தான் அவர் உடைந்துபோனார். 'அன்னா கரேனினா'வின் இறுதியில் லெவின் என்னும் பாத்திரம், தற்கொலை செய்துகொண்டுவிடுவோமோ என்று அஞ்சிக் கயிற்றையும் துப்பாக்கியையும் தவிர்க்கிறது. அது டால்ஸ்டாயின் சொந்த நிலை. செல்வம், புகழ், குடும்பம் எல்லாம் இருந்தும் எதற்காக வாழ்கிறோம் என்ற வினா அவரை அலைக்கழித்தது. 1882-இல் மாஸ்கோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பங்கேற்றபோது நகரத்து வறுமையை நேரில் கண்டார். 1891-இல் பஞ்சம் வந்தபோது ரியாசான் மாகாணத்தில் கஞ்சித்தொட்டிகள் திறந்தார். அதே ஆண்டில், 1881-க்குப் பின் எழுதிய நூல்களின் பதிப்புரிமையைத் துறப்பதாக அறிவித்தார்.

பின்னர் எழுதிய 'கலை என்றால் என்ன?' என்னும் நூலில் தம்முடைய படைப்புகளுக்கும் தாமே மதிப்பெண் இட்டார். எளிய மக்களுக்கும் எட்டக்கூடிய இரண்டு சிறுகதைகளை மட்டும் ஏற்று, உலகம் கொண்டாடிய தம் பெருநாவல்கள் உள்பட மற்ற அனைத்தையும் தாழ்ந்த கலையின் பட்டியலில் சேர்த்தார். அவரைப் பழைய டால்ஸ்டாயோடு முதலில் ஒப்பிட்டவர் அவரே.

'புத்துயிர்ப்பு' நாவலின் விதை 1887-இல் கிடைத்தது. சட்ட அறிஞரான நண்பர் கோனி ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொன்னார். திருட்டுக் குற்றத்துக்காகக் கூண்டில் நின்ற விலைமகள், தான் முன்பு கெடுத்துக் கைவிட்ட பெண்ணே என்று ஜூரிகளில் ஒருவன் உணர்ந்தான். அவளை மணக்க முன்வந்தான். அவளோ சிறையிலேயே நோயால் மாண்டாள். டால்ஸ்டாய்க்கு இது வெறும் கதையாக இருக்கவில்லை. இளமையில் அத்தை வீட்டுப் பணிப்பெண் ஒருத்திக்குத் தாம் இழைத்த தீங்கைப் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றாசிரியரிடம் ஒப்புக்கொண்டவர் அவர். நாவலின் நாயகனுக்கு அவர் சூட்டிய நெஹ்லூதவ் என்னும் பெயரும், தம் தொடக்ககாலக் கதைகளில் தம் சாயல் கொண்ட இளைஞனுக்கு இட்ட பெயரே.

முந்தைய நாவல்களில் ஓரத்தில் நின்ற மனிதர்கள் இங்கே நடுவுக்கு வருகிறார்கள். போர் நாவல் சீமாட்டியின் வரவேற்பறையில் தொடங்குகிறது. இந்த நாவலோ மாஸ்லவா என்னும் கைதியைச் சிறையிலிருந்து நீதிமன்றத்துக்கு இட்டுச் செல்வதில் தொடங்குகிறது. அவளுக்குக் கொலை நோக்கம் இல்லை என்பதில் ஜூரிகள் ஒருமனப்படுகிறார்கள். ஆனால், அதைக் குறிக்கும் சொற்களைத் தீர்ப்புத்தாளில் எழுத மறந்துவிடுகிறார்கள். சில சொற்களின் மறதியால் ஒரு பெண் சைபீரியக் கடுங்காவலுக்குப் போகிறாள். எவரும் கொடியவரல்லர், ஆயினும் கொடுமை நடந்துவிடுகிறது. அமைப்பின் அலட்சியத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய பக்கங்கள் அவருடைய முந்தைய நாவல்களில்கூட இல்லை.

குறைகளும் உண்டு. ஆசிரியரின் குரல் பல இடங்களில் கதையை மீறி ஒலிக்கிறது. சிறைக் காட்சிகளையும் துணைப் பாத்திரங்களையும் வியந்த செகாவ், எல்லாவற்றையும் ஒரு வேத வசனத்தால் முடித்துவைப்பதை ஏற்கவில்லை. சோஃபியாவுக்கும் மனக்குறை இருந்தது. பெரிய குடும்பத்தைத் தாங்கவேண்டிய அவருக்கு, நாவலின் வருவாய் முழுவதும் வெளியே போவது அநீதியாகப்பட்டது.

அப்படியானால் கை தளர்ந்ததா? இல்லை என்பதற்கு வலுவான சான்று 'ஹாஜி முராத்'. அதே காலத்தில், 1896 முதல் 1904 வரை, காக்கசஸ் வீரனைப் பற்றி டால்ஸ்டாய் எழுதிய குறுநாவல் அது. போதனை கதையை அமுக்காத, பழைய கைவண்ணம் குன்றாத படைப்பு. அதை அவர் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. மறைவுக்குப் பின் 1912-இல்தான் வெளிவந்தது. பழைய பாணியில் எழுத இயன்றவர், வேறொரு தேவைக்காக வேறொரு நாவலை உலகின்முன் வைத்தார்.

அந்தத் தேவை கண்முன் நின்றது. படைக்கலம் ஏந்த மறுத்ததால் ஒடுக்கப்பட்ட துகபோர் பிரிவினர் கனடாவுக்குக் குடிபெயரப் பணம் வேண்டியிருந்தது. பத்தாண்டுகளாக எடுப்பதும் வைப்பதுமாக இருந்த நாவலை அதற்காகவே முடித்து, 'நீவா' வார இதழுக்குக் கொடுத்தார். தணிக்கை பல பகுதிகளை வெட்டியது. எனினும், 7,000-க்கும் மேற்பட்டோர் கடல் கடந்து கரைசேர்ந்ததில் இந்த நாவலின் வருவாய்க்கும் பங்குண்டு. 1901-இல் திருச்சபை டால்ஸ்டாயை விலக்கிவைத்தது. 1910 நவம்பரில், வீட்டைத் துறந்து புறப்பட்ட 82 வயது முதியவராக அஸ்தாபவா ரயில் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது.

வடிவ முழுமையில் 'அன்னா கரேனினா'வே உயர்ந்தது என்போரை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், முந்தைய நாவல்களில் பிறர் வாழ்வைக் கண்டு சொன்னவர், கடைசிப் பெருநாவலில் தம்மையே கூண்டில் ஏற்றினார். புகழ் தந்த பாதையிலேயே நடப்பது எழுத்தாளனுக்கு எளிது. எழுபது வயதில் அதை விட்டு விலகியவரின் நூலை, பழைய நூலின் அளவுகோலால் மட்டும் அளப்பது நியாயமாகாது.