கொடுமுடி கோகிலம்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பது. அந்நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, தனக்குக் கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்து புகழ்கொண்டான். இவ்வரலாற்றைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். ஆயினும் அவ்வௌவையாரின் திருவுருவம் எத்தகையது என்று கண்டு கூறுவார் எவரும் இலர். அங்ஙனமிருந்தும், ஔவையார் என்ற பெயரைக் கேட்டவுடனே நெற்றி நிறைந்த திருநீறும், தூய வெள்ளாடையும், கையில் ஊன்றிய கோலும், கணீரென ஒலிக்கும் குரலும் நம் நெஞ்சில் தோன்றுகின்றன. இவ்வுருவை நமக்கு வழங்கியவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் என்னும் இசையரசியாவார்.

தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லில் பாறைகளினின்றும் பேரோசையுடன் வீழும் காவிரி, மேட்டூரையும் பவானியையும் ஈரோட்டையும் கடந்து சென்று கொடுமுடியை அடைகின்றது. அங்கே அது கிழக்கு நோக்கித் திரும்புகின்றது. மூவர் தேவாரமும் பெற்ற மகுடேசுவரர் திருக்கோயில் அவ்வாற்றங்கரையில் விளங்குகின்றது. அவ்வூரிலே 1908ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் சுந்தராம்பாள் பிறந்தார். அவருடைய அன்னையார் பாலாம்பாள் ஆவார்.

சுந்தராம்பாள் தந்தையாரை இளமையிலேயே இழந்தார். மக்களை வளர்க்கும் பெரும்பொறுப்பு அன்னையாரைச் சார்ந்தது. வறுமை அக்குடும்பத்தை வாட்டியது. பள்ளியில் அமர்ந்து படிக்க வேண்டிய பருவத்திலே, சுந்தராம்பாள் புகைவண்டியில் ஏறிப் பயணிகளின் முன்னே பாடி, அவர்கள் அளித்த சில்லறைக் காசுகளைக் கொண்டு பசி தீர்க்கும் நிலையில் இருந்தார். வண்டிச் சக்கரங்களின் கடகட ஒலியையும் மக்களின் ஆரவாரத்தையும் விஞ்சி ஒலித்தாலன்றி அங்கே பாட்டுக் காதில் விழாது. அந்தப் பிஞ்சுக் குரலோ அவற்றையெல்லாம் வென்று ஒலித்தது. கேட்டோர் பேச்சை மறந்து செவி சாய்த்தனர். அங்ஙனம் கேட்ட கலையன்பர் ஒருவர், இக்குரல் நாடக மேடைக்கு உரியது என உணர்ந்து வழிகாட்டினார். அதனால் அவர் வேலு நாயரின் நாடகக் குழுவிற் சேர்ந்தார்.

அந்நாளைய நாடகத்தின் இயல்பை இன்றைய மாணவர் அறிதல் வேண்டும். அக்காலத்து மேடைகளில் ஒலிபெருக்கி இல்லை. நாடகம் இரவில் தொடங்கி விடியும்வரை நடைபெறும். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டல் வேண்டும். குரல் மங்கினாலோ சொல் சிதைந்தாலோ அவையோர் பொறுக்கமாட்டார். ஆர்மோனியம் வாசிப்பவரும் உயர்ந்த சுருதியிலே பாட்டைத் தொடுத்து நடிகரைச் சோதிப்பதுண்டு. அச்சோதனையில் தேறியவரே நிலைத்தனர்.

சுந்தராம்பாள் முதலில் குழந்தை வேடங்களை ஏற்றார். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வருந்தும் குழந்தையாக அவர் தோன்றிப் பாடியபோது, அவையோர் கண்ணீர் உகுத்தனர். பசி என்பது இன்னதென்று ஏட்டில் படித்து அறியாது, தம் வாழ்விலே அறிந்தவர் அவர். ஆதலின் அப்பாட்டிலே நடிப்புக்கும் உண்மைக்கும் வேறுபாடு இல்லாமற் போயிற்று. நாடகக் குழுவே அவருக்குப் பள்ளியாயிற்று. பதின்பருவம் நிரம்பும் முன்னரே அவர் கதைத் தலைவியாக வேடம் புனைந்து, தமிழகத்திலும் இலங்கையிலும் பெரும்புகழ் எய்தினார்.

1926ஆம் ஆண்டு இலங்கையில் நாடகம் நிகழ்த்துங்கால், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடிக்கும் வாய்ப்பு நேர்ந்தது. கிட்டப்பா மிக உயர்ந்த சுருதியில் எளிதாகப் பாட வல்லவர். மேடையில் தமக்கு நிகரில்லாதவராய் விளங்கியவர். அவரோடு பாடும் நடிகை எதிர்நிற்றல் அரிது எனப் பலரும் அஞ்சினர். சுந்தராம்பாள் அஞ்சாது நின்று பாடினார். வள்ளி திருமணம் போன்ற நாடகங்களில் இருவர் பாட்டும் ஒன்றையொன்று வளர்த்துச் சென்றன. 1927ஆம் ஆண்டில் இருவரும் வாழ்க்கைத் துணைவராயினர். அவ்வாழ்வில் இன்பத்தோடு பிரிவும் மனத்துயரும் கலந்தே இருந்தன. 1933ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2ஆம் நாள், இருபத்தேழாம் வயதிலேயே கிட்டப்பா இவ்வுலகை நீத்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து.

அன்று முதல் அவர் வெள்ளாடையே உடுத்தார். இனி எந்த ஆடவருடனும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். நடிப்பையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர்க்கு இவ்வுறுதி எத்துணை அரிது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இளமையில் பட்ட வறுமை அவர் நெஞ்சில் மறையவில்லை. பொருளின் அருமையை அவரினும் நன்கறிந்தார் யார்? எனினும் அவர் தம் உறுதியை நெகிழவிடவில்லை.

சில காலத்துக்குப் பின், நந்தனார் சரித்திரத்தைத் திரைப்படமாக எடுக்க விரும்பியோர் அவரை அணுகினர். அவர்களைத் திருப்பியனுப்பும் பொருட்டே அவர் ஓர் இலட்சம் ரூபாய் கேட்டார் என்பர். அவர்களோ அதற்கும் இசைந்தனர். சுந்தராம்பாள் அப்படத்தில் நந்தனாராகவே வேடம் புனைந்தார். இசைப்புலவர் மகாராசபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். 1935ஆம் ஆண்டில் வெளிவந்த பக்த நந்தனார் எதிர்பார்த்த வெற்றியை எய்தவில்லை. ஆயினும், அவர்தம் உறுதி கலைக்குத் தடையாகாமல் புதிய வழியைத் திறந்தது.

நாட்டு விடுதலைப் போராட்டத்திலும் அவர் குரல் பயன்பட்டது. தலைவர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரசு மேடைகளில் ஏறி அவர் பாடினார். சொற்பொழிவைக் கேட்க வாராத சிற்றூர் மக்களும் அவர் பாட்டைக் கேட்கத் திரண்டனர். பின்னர்ச் சென்னை மாநிலச் சட்ட மேலவையின் உறுப்பினராகவும் அவர் அமர்ந்தார். புகைவண்டியிற் பாடித் திரிந்த சிறுமி சட்டமியற்றும் அவையில் இடம்பெற்றமை எண்ணி மகிழ்தற்குரியது.

1953ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனத்தார் ஔவையார் திரைப்படத்தை வெளியிட்டனர். அதில் சுந்தராம்பாளே ஔவையாரானார். தம் துயரின் அடையாளமாக அவர் உடுத்த வெள்ளாடை, தமிழ் மூதாட்டியின் பெருமைக்கு உரிய ஆடையாயிற்று. 1964ஆம் ஆண்டில் வெளிவந்த பூம்புகாரில் கவுந்தியடிகளாகவும், 1965ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிளையாடலில் மீண்டும் ஔவையாராகவும் அவர் தோன்றினார். 1969ஆம் ஆண்டில் வெளிவந்த துணைவன் படத்திற் பாடியமைக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருதைப் பெற்றார். 1970ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மசிறீ விருதளித்து அவரைச் சிறப்பித்தது. 1980ஆம் ஆண்டு அவர் இறைவன் திருவடி எய்தினார்.

மாணவர்களே! இனிய குரல் பிறப்பிலே அமைவது. அதனைப் பெற்றோர் உலகிற் பலர். ஒலிபெருக்கியில்லா மேடையிலே விடியுமளவும் பாடிப் பாடி அக்குரலைப் பண்படுத்தியது சுந்தராம்பாளின் உழைப்பு. அதனை எதற்குத் தருவது, எதற்குத் தருவதில்லை என்று தாமே வகுத்துக்கொண்டு, வகுத்தவாறே வாழ்ந்தது அவருடைய மனத்திட்பம். உங்களுள்ளும் ஏதேனும் ஓர் ஆற்றல் அமைந்திருத்தல் கூடும். அதனை வறுமை கண்டு கைவிடாதீர்கள். பொருள் கண்டு விற்றுவிடாதீர்கள். அதியமான் ஈந்த நெல்லிக்கனி ஔவையின் வாழ்நாளை நீட்டித்தது என்பர். சுந்தராம்பாளின் பாட்டோ அவ்வௌவையை இன்றும் நம் கண்முன்னே நிறுத்துகின்றது.