தம் நிழலுக்கு எழுதியவர்

பாரசீகம் என்றதும் நம்மவருக்கு உமர் கய்யாமும் ஹாபிஸுமே நினைவுக்கு வருவர். ஆயிரம் ஆண்டுக் கவிதை வளத்தின் நிழலிலே அந்நாட்டின் புனைகதை நெடுங்காலம் தலையெடுக்கவில்லை. 1921இல் ஜமால்ஸாதே என்பார் மக்களின் பேச்சுமொழியைச் சிறுகதைக்குள் துணிந்து கொணர்ந்தார். அவர் திறந்த வாயிலினூடே வெகுதூரம் சென்றவர் சாதெக் ஹெதாயத்.

1903இல் தெஹ்ரானிலே உயர்குடியொன்றிற் பிறந்தார். புலவரும் இலக்கிய வரலாற்றாசிரியருமான ரெஸா குலி கான் அவருடைய பூட்டனார். அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று 1926இல் ஐரோப்பா சென்றவர், பட்டம் எதுவுமின்றி 1930இல் திரும்பினார். பெரும் பதவிகள் காத்திருந்த குடும்பத்திலே பிறந்தும் வங்கி எழுதுவினைஞராகச் சிறு ஊதியத்தில் வாழ்ந்தார். மாலைவேளைகளில் நண்பர் மூவருடன் இலக்கியம் பேசுவார். நாட்டார் நம்பிக்கைகளைத் தேடித் தொகுப்பார்.

றேசா ஷாவின் ஆட்சியிலே எழுத்துக்குக் காவல் கடுமையாயிருந்தது. 1936இல் பம்பாய் சென்ற ஹெதாயத், அங்கே பார்சி அறிஞர் ஒருவரிடம் பண்டைய பஹ்லவி மொழி பயின்றார். அங்கேதான் 'குருட்டு ஆந்தை' வெளிவந்தது. வெளிவந்தது என்பதும் மிகைதான்! கைப்பட எழுதி, ஏறக்குறைய ஐம்பது பிரதிகள் மட்டும் எடுத்து, ஈரானில் விற்பனைக்கன்று என்று குறித்து நண்பர்க்கு அனுப்பினார். எழுதுகோற் பெட்டிகளுக்குச் சித்திரந் தீட்டும் ஒருவன், சுவரில் விழும் தன் நிழலுக்குத் தன் கதையைச் சொல்வதாக அமைந்த நாவல் அது. அதிலே ஓர் இந்தியக் கோயில் நடனமாதும் வருகிறாள். முதல் வாசிப்பில் எனக்கு அது புரியவில்லை. ஆயினும் கீழே வைக்கவும் முடியவில்லை. 1941இல் ஷா முடிதுறந்த பின்னரே தெஹ்ரான் தினசரியொன்றில் அது தொடராக வந்தது.

இருளை மட்டுமே எழுதியவர் என்று அவரைச் சொல்வோர் உளர். நான் உடன்படேன். இளமையிலேயே புலாலை நீத்து, 1927இல் மரக்கறி உணவின் நன்மை குறித்து நூல் வெளியிட்டவர் அவர். 'தெருநாய்' என்ற கதையைப் படித்தவர் அவரைக் கல்நெஞ்சர் என்னார். எசமானைத் தொலைத்த நல்லின நாயொன்று, கல்லடி பட்டுத் திரிகிறது. ஒருநாள் வழிப்போக்கன் ஒருவன் உணவிட்டுத் தடவிக் கொடுக்கிறான். அவன் ஏறிய மோட்டார் வண்டியின் பின்னால் அது மூச்சு முட்ட ஓடி, வழியிலே சோர்ந்து விழுகிறது. அதன் கண்களுக்காகக் காகங்கள் மூன்று வருகின்றன. கதை அவ்வளவே. அடித்தவர்களை விட, அன்பு காட்டிவிட்டுப் போனவனே அந்நாயைக் கொன்றான் என்று எனக்குப் படுகிறது.

1945இல் 'ஹாஜி ஆகா' மூலம் அரசியல் வியாபாரிகளை எள்ளினார்; காஃப்காவைப் பாரசீகத்துக்குக் கொணர்ந்தார். நாடு மாறும் என்ற நம்பிக்கையோ தளர்ந்துகொண்டே வந்தது. 1950இன் இறுதியிற் பாரிஸ் சென்றார். மறு மார்ச்சில் அவர் மைத்துனர், பிரதமர் ரஸ்மாரா, சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரலில், நாற்பத்தெட்டாம் வயதில், ஹெதாயத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பாரிஸ் நகரின் பேர் லஷேஸ் இடுகாட்டிலே அவர் கல்லறை இருக்கிறது.

ஐம்பது பிரதிகளாய்ப் புறப்பட்ட அந்நாவல் 1953இல் பிரெஞ்சிலும் 1957இல் ஆங்கிலத்திலும் வெளியாயிற்று.