குன்பெய் யோக்கோய்

ஜப்பான் நாட்டின் பழைய தலைநகரான கியோட்டோவில் 1941ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள் குன்பெய் யோக்கோய் பிறந்தார். அந்நகரிலுள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னியல் கற்றுத் தேறி, 1965இல் நின்டென்டோ நிறுவனத்தில் பணியில் அமர்ந்தார். மலர்கள் தீட்டிய விளையாட்டுச் சீட்டுகளை 1889 முதல் செய்துவந்த நிறுவனம் அது. சீட்டுச் செய்யும் பொறிகள் பழுதுறாமல் காப்பதே அவருக்கு வாய்த்த வேலை. கற்ற கல்விக்கு அது சிறிய வேலைதான்.

ஓய்வு வேளையில் அவர் ஒரு பொம்மைக் கையைச் செய்தார். பிடியை அழுத்தினால் அது நீண்டு எட்டாப் பொருளையும் பற்றும். நிறுவனத் தலைவர் யமவுச்சி அதனைக் கண்டார். விற்பனைக்கு ஏற்றவாறு அதனை ஆக்கித் தருமாறு பணித்தார். 1966இல் வெளிவந்த அப்பொம்மை பத்து இலட்சத்திற்கும் மேலாக விலைபோயிற்று. பொறிகளைப் பழுதுபார்த்த இளைஞர் புதியன படைப்பவர் ஆனார்.

ஒருநாள் விரைவு இரயிலில் பயணி ஒருவர் பொழுது போகாமல் கணக்கிடும் சிறு கருவியின் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். அதனைக் கண்ட யோக்கோயின் உள்ளத்தில், உள்ளங்கையில் அடங்கும் ஆட்டக் கருவியொன்று உருவாயிற்று. 'கேம் அண்டு வாட்ச்' என்னும் பெயரில் அது 1980இல் வெளிவந்தது.

1982இல் இவ்வரிசையில் 'டாங்கி காங்' ஆட்டத்தை ஆக்கும்போது ஓர் இடர் எழுந்தது. ஆட்டத்து வீரனை நாற்றிசையும் செலுத்தவேண்டும். பொது இடங்களில் நின்ற பெரிய ஆட்டப் பொறிகளில் இதற்கென நிமிர்ந்த கோல் ஒன்று உண்டு. இக்கருவியோ இரு திரைகளுடன் நூல்போல் மடிவது. கோல் இருந்தால் மடியாது. நான்கு விசைகளைத் தனித்தனியே வைத்தாலோ, கண் திரையில் இருக்கையில் விரல் தடுமாறும். யோக்கோய் நான்கையும் இணைத்துக் கூட்டற்குறி வடிவில் ஒரே விசையாக்கினார். ஒரு முனையை அழுத்தினால் எதிர்முனை உயரும். ஆகவே எதிரெதிர்த் திசைகள் ஒருங்கே அழுந்தா. பாராமலே பெருவிரல் திசையை உணரும். 1983இல் வெளிவந்த 'பேமிகாம்' என்னும் வீட்டுக் கருவியும் இதனையே ஏற்றது. பிற நிறுவனத்தாரும் பின்னர் இவ்வழியே சென்றனர்.

நாட்பட்டு விலை மலிந்த உறுப்புகளைப் புதுவழியில் பயன்படுத்துவதே அவர் கொள்கை. 1989இல் வந்த 'கேம் பாய்' கருவியில் வண்ணம் இல்லை. வண்ணத்திரை கொண்ட போட்டிக் கருவிகள் மின்கலங்களை விரைவில் தீர்த்தன. இதுவோ நான்கு சிறு மின்கலங்களால் பத்து மணிக்கும் மேலாக இயங்கியது. பின்வந்த வண்ணக் கருவியையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விலைபோயிற்று.

1995இல் வந்த 'வெர்ச்சுவல் பாய்' தோல்வியுற்றது. கண்ணருகே வைத்துச் செந்நிறப் படங்களையே காணவேண்டிய அக்கருவியை மக்கள் விரும்பவில்லை. மறு ஆண்டு யோக்கோய் முப்பதாண்டுப் பணியை விட்டு விலகி, 'கோட்டோ' என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே 'வொண்டர்ஸ்வான்' கருவியை வகுத்துக்கொண்டிருந்த காலத்தில், 1997 அக்டோபர் 4ஆம் நாள் இஷிக்காவாப் பகுதியில் நேர்ந்த சாலை விபத்தில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு அகவை 56.

அக்கருவி 1999இல் வெளிவந்தது. ஒரே மின்கலத்தால் இயங்கிய அதனை நெடுக்காகவும் குறுக்காகவும் பிடித்து ஆடலாம். அதன்பொருட்டு, முன்பு ஒன்றாக இணைந்திருந்த நான்கு விசைகளும் அதில் மீண்டும் தனித்தனியே அமைந்திருந்தன.