கண்ணுக்குத் தெரியாத போர்வையைக் கண்டுபிடித்தவர் – ஜான் டிண்டால்



நம்ம அறிவியல் புத்தகத்தில் டிண்டால் விளைவு வருதே, ஞாபகம் இருக்கா? இருட்டு அறைக்குள் ஓட்டை வழியா வெயில் விழும்போது தூசி மினுமினுன்னு தெரியுமே, அதுதான். மார்க்குக்காகப் படித்துவிட்டு அந்தப் பெயரை மறந்துவிடுகிறோம். ஆனால் அதே டிண்டால் நம்ம நெய்வேலிக்கு ரொம்பச் சம்பந்தப்பட்ட இன்னொன்றையும் கண்டுபிடித்தார்.

இளமைப் பருவம்

ஜான் டிண்டால் 1820-ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டில் ஒரு சின்ன ஊரில் பிறந்தார். அப்பா சாதாரண போலீஸ்காரர். வசதியில்லாத வீடு. ஆனாலும் பையனை நன்றாகப் படிக்க வைத்தார்கள். 1839-இல் நில அளவை வேலையில் சேர்ந்தார். அங்கே சம்பளம் போதவில்லை என்று நியாயம் கேட்டதற்காக அவரை வேலையை விட்டே நீக்கிவிட்டார்கள். பிறகு ரயில் பாதை போடும் இடத்தில் அளவு எடுத்தார். அதற்கப்புறம் ஒரு பள்ளியில் வாத்தியாராக இருந்தார். சேர்த்த காசை எடுத்துக்கொண்டு 28 வயதில் ஜெர்மனிக்குப் படிக்கப் போனார். 1853-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர் ஆனார். அங்கே மின்சாரத்தில் பெரிய மேதையான மைக்கேல் பாரடே அவருக்குத் துணையாக இருந்தார்.

தராசு மாதிரி ஒரு சோதனை

வெயில் காற்றைக் கடந்து பூமிக்கு வருகிறது. சூடான பூமி அந்தச் சூட்டைத் திருப்பி வெளியே விடுகிறது. இது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அடுப்புப் பக்கத்தில் நின்றால் தொடாமலே முகத்தில் சுடுமே, அதே மாதிரி. இந்தச் சூட்டைக் காற்று பிடித்து வைக்குமா, சும்மா விட்டுவிடுமா? இதை அளந்து பார்க்கத்தான் டிண்டால் ஆசைப்பட்டார்.

நீளமான பித்தளைக் குழாய் ஒன்றை எடுத்தார். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால் இரண்டு முனையையும் இந்துப்புப் பலகையால் மூடினார். ஒரு முனையில் வெந்நீர்ப் பாத்திரம். மறுமுனையில், சூடு பட்டால் மின்சாரம் உண்டாக்கும் கருவி. அதன் அடுத்த பக்கத்தில் இன்னொரு சூட்டை வைத்து, தராசு மாதிரி இரண்டையும் சமமாக்கினார். கால்வனோமீட்டர் முள் பூஜ்ஜியத்தில் நின்றது.

1859-ஆம் ஆண்டு. குழாய்க்குள் ஆக்சிஜன், நைட்ரஜன் எல்லாம் விட்டுப் பார்த்தார். முள் கிட்டத்தட்ட அசையவே இல்லை. நிலக்கரியிலிருந்து எடுத்து விளக்கு எரிக்கும் வாயுவை விட்டார். முள் நன்றாக நகர்ந்தது! நீராவி, கார்பன் டை ஆக்சைடு இரண்டும் அப்படித்தான் சூட்டைப் பிடித்தன. காற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு இருக்கிற வாயுக்கள் சும்மா இருக்க, கொஞ்சூண்டு இருக்கிற வாயுக்கள்தான் வேலை செய்கின்றன.

காரணம் பின்னாளில்தான் முழுசா விளங்கியது. கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறில் மூன்று அணு. கதிர் பட்டதும் அது வளைந்து, இழுபட்டு அதிர்கிறது. பிறகு பக்கத்து மூலக்கூறுகளை இடித்துச் சூட்டைக் கொடுக்கிறது. மிச்சத்தை நாலாபக்கமும் கதிராக விடும்போது ஒரு பங்கு பூமிக்கே திரும்பி வருகிறது. இந்தப் போர்வை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரி. இருப்பதால் சுமார் 15 டிகிரி. ஆகவே போர்வை நல்லதுதான். தடிமன் கூடுவதுதான் ஆபத்து.

மறந்துபோன ஒரு பெண்

இவருக்கு முன்பே, 1856-இல், அமெரிக்காவில் யூனிஸ் புட் என்ற பெண் இரண்டு கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்தார். கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய் அதிகமாகச் சூடாவதைக் கண்டார். அவருடைய கட்டுரையைச் சபையில் வாசித்தது ஒரு ஆண்தான். நூறு வருஷத்துக்கு மேல் அவரை யாரும் நினைக்கவில்லை. தோழிகளே, இந்தப் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாட்கள்

டிண்டால் மலை ஏறுவதிலும் கெட்டிக்காரர். 1861-இல் ஆல்ப்ஸில் வைஸ்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலில் கால் வைத்த குழு அவருடையது. அமெரிக்காவில் பேசிக் கிடைத்த பணத்தை அந்த நாட்டு மாணவர்கள் அறிவியல் படிக்கவே கொடுத்துவிட்டார். கடைசியில் தூக்கம் வராமல் கஷ்டப்பட்டார். 1893-இல் மனைவி லூயிசா மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டதால் இறந்துபோனார். பாவம், அந்த அம்மா அதன்பிறகு 1940 வரை வாழ்ந்து, கணவரின் கடிதங்களைச் சேர்த்து வைத்தார்.

நம்ம ஊரும் டிண்டாலும்

நம்ம கூலிங் டவரில் வெள்ளையாகப் போவதைப் புகை என்று நினைத்திருந்தேன். அது நீராவி குளிர்ந்த துளிகளாம். கரி எரிந்து வரும் கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்கே தெரியாமல் போகிறது. டிண்டால் காலத்தில் காற்றில் பத்து லட்சம் பங்கில் சுமார் 285 பங்காக இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

இதை வீட்டில் சொன்னேன். என் அப்பா சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறார். அப்போ நான் செய்யிற வேலை தப்பாம்மா என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கரியில்தான் எங்க வீட்டில் சோறு வேகுது, நான் படிக்கிற விளக்கும் எரியுது. அப்பா மேல் தப்பு இல்லை என்று மட்டும் சொன்னேன்.

1962-இல் ஓடத் தொடங்கிய நம்ம முதல் அனல் மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. மற்றவையும் ஒருநாள் மாறும். அப்போது அப்பா மாதிரி ஆட்களுக்கு என்ன வேலை என்பதையும் நாம்தான் யோசிக்கணும். டிண்டால் அளந்துவிட்டுப் பேசினார். நாமும் அளக்கப் படிப்போம்.



– 9-ஆம் வகுப்பு மாணவி