ஒரு ஹக்கீமின் பெயரில் ஒரு இதய மருந்து

இதய டாக்டர்கள் பயன்படுத்தும் மருந்துகளில் அஜ்மலின் என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டால் ஏதோ ஐரோப்பிய கம்பெனி வைத்தது மாதிரி இருக்கும். ஆனா அது டெல்லியில் வாழ்ந்த ஒரு யுனானி வைத்தியரின் பெயர், ஹக்கீம் அஜ்மல் கான். வரலாற்றுப் புத்தகத்தில் காங்கிரஸ் தலைவர்கள் பட்டியலில் இவர் பெயரைப் பார்த்திருப்போம். மருந்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்பதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

அஜ்மல் கான் 1868 பிப்ரவரி 11 அன்று பழைய டெல்லியில் பிறந்தார். அவர் குடும்பம் முகலாய அரண்மனைக்கே வைத்தியம் பார்த்த குடும்பம். பல்லிமாரான் தெருவில் இருந்த அவர்களுடைய ஷரீப் மன்ஸில் வீடு ஒரே நேரத்தில் வீடு, ஆஸ்பத்திரி, பாடசாலை மூணுமாக இருந்தது. அரபி, பாரசீகம் படித்துவிட்டு, வீட்டுப் பெரியவர்களிடமே வைத்தியம் கற்றார். யுனானியில் நாடி பார்ப்பது முக்கியமான கலை. மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து, துடிப்பு வேகமா மெதுவா, சீரா இல்லையா என்று கவனிக்க வேண்டும். யோசிச்சுப் பார்த்தா, மெஷின் இல்லாத காலத்து ரிதம் மானிட்டர் அதுதான்.

1892-ல் ராம்பூர் நவாபுக்குத் தலைமை வைத்தியர் ஆனார். பிறகு டெல்லிக்குத் திரும்பி, அண்ணன் தொடங்கியிருந்த மருத்துவப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். வெளியூருக்கு அழைக்கும் பணக்காரர்களிடம் ஒரு நாளைக்கு 1000 ரூபாய் வாங்குவார் என்றும், டெல்லிக்கே தேடி வருபவர்களிடம் காசு வாங்க மாட்டார் என்றும் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் ஆங்கில மருத்துவம் படித்தவர்களை மட்டும் டாக்டராகப் பதிவு செய்யும் சட்டங்கள் வரத் தொடங்கின. வைத்தியர்களையும் ஹக்கீம்களையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்து அதை எதிர்த்தார் அஜ்மல் கான். அதே சமயம், பழையது எல்லாமே சரி என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. 1911-ல் ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள ஆஸ்பத்திரிகளைப் பார்த்துவிட்டு வந்தார். டெல்லி கரோல் பாக்கில் அவர் கட்டிய திப்பியா கல்லூரியில் ஆயுர்வேதமும் யுனானியும் ஒரே வளாகத்தில் இருந்தன. கூடவே நவீன உடற்கூறியலும் அறுவை சிகிச்சையும் பாடத்தில் சேர்ந்தன.

அந்தக் கல்லூரிக்கு 1916-ல் அடிக்கல் நாட்டியவர் வைஸ்ராய் ஹார்டிஞ்ச். 1921 பிப்ரவரி 13 அன்று திறந்து வைத்தவர் காந்தி. இந்த 5 வருஷ இடைவெளிக்குள் அஜ்மல் கான் எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டார் என்று பாருங்க. அரசு கொடுத்த பட்டத்தை 1920-ல் துறந்தார். அதே வருஷம் ஜாமியா மில்லியா இஸ்லாமியா தொடங்கியபோது அதன் முதல் வேந்தர் ஆனார். 1921 அகமதாபாத் காங்கிரஸுக்குத் தேர்வான சி.ஆர். தாஸ் சிறையில் இருந்ததால், தலைமை வகித்தவரும் இவரே. ஜாமியா பணமில்லாமல் மூடப்படும் நிலைக்கு வந்தபோது அதை டெல்லிக்கு மாற்றி, சொந்தப் பணத்தையும் போட்டுக் காப்பாற்றினார்.

அவருடைய கடைசிக் கனவு ஒரு ஆராய்ச்சிக் கூடம். தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கும் வேர்களுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது, எது வேலை செய்கிறது என்று வேதியியல் மூலம் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் 1927-ல் முனைவர் பட்டம் முடித்த சலீமுஸ்ஸமான் சித்திக்கியைத் தேர்ந்தெடுத்தார். ஆனா பலனைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1927 டிசம்பர் 29 அன்று ராம்பூரில் இதய நோயால் இறந்துபோனார். ஈசிஜி கருவியைக் கண்டுபிடித்த வில்லெம் ஐந்தோவன் நெதர்லாந்தில் இறந்து அப்போது மூணு மாசம்தான் ஆகியிருந்தது.

சித்திக்கி வேலையை நிறுத்தவில்லை. வட இந்தியாவில் பைத்தியத்துக்கு மருந்து என்று அழைக்கப்பட்ட சர்ப்பகந்தா வேரை எடுத்துக்கொண்டார். 1931-ல் அதிலிருந்து ஒரு ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்து, தன்னை அழைத்து வந்தவரின் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். அது இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்து என்பது பிறகுதான் தெரிந்தது. இதய நோயில் இறந்த ஒருவரின் பெயர் கடைசியில் இதயத்துக்கே போய்ச் சேர்ந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்பது நமக்கு, முக்கியமா ஈசிஇ, ட்ரிபிள்ஈ மக்களுக்கு, ஈஸியாகப் புரியும். இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் முடிச்சுதான் கிளாக் சிக்னல். ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு. சிக்னல் மேலறைகளில் பரவி, நடுவில் சின்ன டிலே வாங்கி, கீழறைகளுக்கு இறங்கும். ஓடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வைவாவுக்கு உட்கார்ந்தாலோ 100-ஐத் தாண்டுவது இயல்பு. சிக்கல் எங்கே என்றால், சிக்னல் முடியாமல் ஒரு லூப்பில் மாட்டிச் சுற்றும்போது. அப்போ இதயம் திடீரென்று 150, 200 என்று ஓடும். இதயத் தசையில் சிக்னலை வேகமாகக் கடத்துவது சோடியம் சேனல்கள். அஜ்மலின் அவற்றை ஓரளவு அடைக்கிறது. வேகம் குறைந்தால் லூப் உடைய வாய்ப்பு கிடைக்கிறது.

இன்னைக்கு அதன் முக்கியமான வேலை வேற. புருகாடா என்று ஒரு நோய், 1992-ல் அந்தப் பெயருள்ள சகோதரர்கள் விவரித்தது. நல்லா இருக்கும் இளவயதுக்காரர் தூக்கத்திலேயே இறந்துபோகும் வகை. சாதாரண ஈசிஜியில் அது ஒளிந்துகொள்ளலாம். ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் அஜ்மலினை நரம்பு வழியாக மெதுவாகச் செலுத்தி, ஒளிந்திருக்கும் அந்த அலைவடிவத்தை வெளியே வரவைக்கிறார்கள். அதுவும் ஷாக் மெஷினைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டுதான். அதனால சர்ப்பகந்தா பொடி வாங்கி வீட்டில் யாரும் சோதிக்க வேண்டாம்.

எங்க மல்லாங்கிணறு பக்கம் யாருக்காவது நெஞ்சு படபடத்தால் நிழலில் உட்காரவைத்து சோடா வாங்கிக் கொடுப்பாங்க. வெயில், வெறும் வயிறு, பயம் என்று காரணம் சொல்வாங்க. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனா படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் 108-ஐக் கூப்பிடணும். வீட்டில் யாராவது சின்ன வயதில் காரணமே தெரியாமல் இறந்திருந்தால், நமக்கு ஒண்ணும் இல்லை என்றாலும் ஒரு ஈசிஜி எடுத்து டாக்டரிடம் அதைச் சொல்லணும். படபடப்பு நடக்கும்போதே எடுத்த ஈசிஜிதான் டாக்டருக்கு அதிகம் உதவும்.

சித்திக்கி 1951-ல் பாகிஸ்தான் போய், அங்கே பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களை உருவாக்கி, 1994-ல் கராச்சியில் இறந்தார். திப்பியா கல்லூரி இன்னும் கரோல் பாக்கில் நடக்கிறது. நாடு ரெண்டானது. மருந்தின் பெயர் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.