டூலூஸ் நகரத்துப் பேராசிரியர்

கல்வியினால் கீர்த்தி பெற விரும்புவோர் தலைநகரையே நாட வேண்டும் என்னும் எண்ணம் எல்லாத் தேசங்களிலும் வேரூன்றியிருக்கிறது. அதைத் தமது வாழ்க்கையினாலேயே பொய்ப்பித்தவர் பிரெஞ்சு ரஸாயன சாஸ்திரி பால் ஸபாட்டியே.

தென் பிரான்ஸிலுள்ள கார்கஸோன் நகரில் 1854-ம் வருஷம் பிறந்த இவர், பாரிஸில் உயர்தரப் படிப்பை முடித்துக்கொண்டு, 1882-ல் டூலூஸ் கலாசாலைக்கு ஆசிரியராக வந்தார். 1884-ல் அங்கேயே ரஸாயனப் பேராசிரியரானார்.

1897-ல் அவரும் ஸாண்டரன்ஸ் என்னும் பாதிரியாரும் எத்திலீனையும் ஹைட்ரஜனையும் கலந்து நிக்கல் தூளின் மேல் செலுத்தினார்கள். இரண்டும் கூடி ஈத்தேன் ஆயின, நிக்கலோ செலவாகவில்லை. எளிதில் இணங்காத பென்ஸீனும் பின்னர் இவ்வழிக்கு வந்தது. தான் மாறாமல் பிறவற்றை மாற்றும் இத்தகைய பொருளையே கிரியா ஊக்கி என்கிறோம்.

இதில் சூக்ஷ்மம் நிக்கலைத் தயாரிக்கும் முறையில் இருக்கிறது. சாதாரண நிக்கல் துண்டு இக்காரியத்துக்குப் போதாது. நிக்கல் ஆக்ஸைடை ஹைட்ரஜன் ஓட்டத்தில், ஏறக்குறைய 300 டிகிரி உஷ்ணத்தில் வைத்து, நுண்ணிய உலோகத் தூளாக்க வேண்டும். உஷ்ணம் மிஞ்சினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வேலை செய்யும் பரப்புக் குறைந்துவிடும். அற்ப அளவு கந்தகம் சேர்ந்தாலும் சக்தி அழிந்துவிடும். காற்றுப் பட்டால் தூள் தானே கனன்று எரிவதும் உண்டு. ஆதலால், உலோகம் ஒன்றேயானாலும் ஒருவர் கையில் பலிப்பது மற்றொருவர் கையில் பலிப்பதில்லை. இந்த நிதானத்தைப் புஸ்தகம் மட்டும் கற்பித்துவிடாது.

1907-ல் முவாஸான் காலமானபோது, பாரிஸில் அவர் வகித்த பீடம் ஸபாட்டியேயைத் தேடி வந்தது. அவர் அதை ஏற்கவில்லை. முந்திய வருஷந்தான் டூலூஸில் ரஸாயனக் கல்விக்கென்று தனி ஸ்தாபனம் தோன்றியிருந்தது. அதை வளர்ப்பதே தமது கடமையெனக் கொண்டார். 1912-ல் நோபல் பரிசு டூலூஸுக்கே வந்து சேர்ந்தது. அதில் பங்கு பெற்ற கிரின்யாரும் அச்சமயம் பாரிஸ்வாசி அல்லர். நான்ஸி நகரத்து ஆசிரியரே. மறு வருஷம் பிரெஞ்சு விஞ்ஞான சபை, தலைநகருக்கு வெளியே வசிப்போருக்கென்று புதிதாக ஏற்படுத்திய ஸ்தானத்திற்கு முதலில் ஸபாட்டியேயையே தேர்ந்தெடுத்தது.

நிக்கலைக் கொண்டு எண்ணெயைக் கெட்டியாக்கும் முறைக்கு 1902-ல் உரிமை கோரியவர் ஜெர்மானியரான நார்மன். நம் நாட்டு வனஸ்பதியும் அவ்வழி வந்ததே. ஸபாட்டியே 1941-ல் டூலூஸிலேயே காலமானார்.

இன்று கிரியா ஊக்கியைப் பயிலும் மாணவன், எக்ஸ்-கதிரால் துகளின் அளவைக் கணிக்கலாம். வாயுவை ஒட்டவைத்துப் பரப்பை அளக்கலாம். ஆயினும் முதலில் அவன் தன் கையாலேயே அவ்வுலோகத்தைத் தயாரித்துப் பார்க்க வேண்டும். தூள் பலிக்காமற் போனால் காரணத்தைத் தானே தேட வேண்டும். அதற்கு வேண்டிய உலையும் வாயுவும் பொறுமையுள்ள ஆசிரியரும் சிறு நகரத்துக் கலாசாலைகளிலும் இருத்தல் அவசியம். கல்விக்குப் பொருள் ஒதுக்குவோர் இதனை மறவாதிருப்பார்களாக.